நிஃமத் பரீட்சை எழுதுவாள்

அத்பரா
5 அக்டோபர் 1968

நேற்று ஜும்மா தொழுகைக்குப் பிறகு பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் வேப்பமரத்தடியில் இருந்தவர்கள்: பள்ளிக் குழுத் தலைவர் ஹாஜ் கோஜலி, குழுவில் அவரோடிருக்கும் மாவு மில்காரர், மருந்துக் கடைக்காரர், தலைமை ஆசிரியை சித் ஆசியா, கடைசி ஆண்டான நான்காம் வகுப்பு விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகளின் தாய்மார் ஆறு பேர், பெற்ற தாயாக இல்லாவிட்டாலும் நிஃமத்துக்காக நான், தகப்பன்மார் இருவர், வாசல் காவற்காரர். பின்னாளில் ஒருவரும் ‘நான் அங்கே இல்லை’ என்று சொல்லக் கூடாது என்பதற்காக ஸலாமுக்கு முன்னால் பெயர்களை எழுதிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அன்பு ராத்தா பதூலுக்குத் தங்கை சித்தனாவின் ஸலாம். நானும் என் வீட்டுக்காரர் பாபிகிரும் உங்கள் மகள் நிஃமத்தும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மச்சான் தாஜுஸ்ஸிருக்கு எங்கள் ஸலாம் சொல்லவும்.

விஷயம் இதுதான். பௌதிகம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை நிக்காஹ் முடிந்து கஸலாவுக்குப் போய்விட்டார். மார்ச்சில் சான்றிதழ்ப் பரீட்சை. ஹாஜ் கோஜலி எழுந்து, “பொம்பளை டீச்சர் கிடைக்கலை. விஞ்ஞானப் பிரிவை மூடிட்டுப் புள்ளைங்களைத் தையலுக்கு மாத்திடுவோம்” என்றார்.

“தையல் படிச்சு யாரும் மருத்துவக் கல்லூரிக்குப் போனதில்லை, ஹாஜ்” என்றார் சித் ஆசியா. “ஆம்பளைங்க பள்ளிக்கூடத்து உஸ்தாத் ஜுபாரா வந்து நடத்தறேங்கிறார்.”

மாவு மில்காரர் தலையில் கை வைத்தார். “வயசுக்கு வந்த ஒம்பது புள்ளைங்க, ஒரு ஆம்பளை, சாத்தின கதவு. ஊரு என்ன பேசும்?”

என் வாய் சும்மா இருக்காது என்று உங்களுக்குத் தெரியும். “கதவைத் திறந்து வைங்க. உள்ளே ஒரு தாய் உக்காந்திருந்தா அதைத் தனிமைன்னு எந்த மார்க்கத்துல சொல்லியிருக்கு?” என்றேன்.

“எந்தத் தாய்க்கு அம்புட்டு நேரம் கிடக்கு?”

“எனக்குக் கிடக்கு.”

“நீ அந்தப் புள்ளைக்கு உம்மாகூட இல்லையே. சாச்சிதானே?”

“சாச்சிக்கும் கண்ணு ரெண்டுதான், மில்காரரே.”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதோடு முடிவாயிற்று. ஞாயிறும் புதனும் உஸ்தாத் வருவார். நான் பின் பெஞ்சில் இருப்பேன். யாராவது மச்சான் காதில் வேறு விதமாகப் போடுவதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள். நாலு வருஷம் என் வீட்டில் இருந்து படித்த பிள்ளை. டாக்டர் ஆவாள் என்று பாயில் உட்கார்ந்து தினமும் துஆ கேட்கிறேன். கடைசி ஆண்டில் தையல் ஊசியைக் கையில் கொடுக்க விடமாட்டேன்.

தங்கை சித்தனா


போர்ட் சூடான்
27 அக்டோபர் 1968

அன்புத் தங்கை சித்தனாவுக்கு, ராத்தா பதூல் ஸலாமும் துஆவும் சொல்லி எழுதுவது. கடற்காற்றில் முழங்கால் வழக்கம்போலத்தான். மற்றபடி சுகம்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. முப்பத்தெட்டு வயதில் நான்காம் வகுப்பா? பிந்திப் போனால் வெளியே நிறுத்துகிறார்களா? பாபிகிர் உனக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறாரா?

உன் மச்சானிடம் சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் காபி குடிக்கும் நேரம் பார்த்துச் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். பிறகு அந்தப் பேச்சு எடுக்கவில்லை.

நிஃமத்துக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போர்த்திப் போக வெள்ளைத் தோப் ஒன்று புதிதாக வாங்கி அனுப்புகிறேன். பழையது நீளம் போதாது என்று எழுதியிருந்தாள். அவளைச் சரியாகச் சாப்பிடச் சொல். பரீட்சை என்று சொல்லிக்கொண்டு பட்டினி கிடக்கும் பிள்ளை அது.

அல்லாஹ் உங்களைக் காப்பானாக.
பதூல்


அத்பரா
12 நவம்பர் 1968

அன்பு ராத்தாவுக்கு ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். தோப் வந்து சேர்ந்தது, அளவும் சரி. அதோடு ஒரு வரி கடிதமும் வரும் என்று துணியை உதறிப் பார்த்தேன். இல்லை.

உஸ்தாத் ஜுபாராவைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். கதவில் தலை இடிக்கும் உயரம். பயமோ அதைவிட உயரம். முதல் நாள் கரும்பலகையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. மணி அடிக்கும்வரை அதனிடமே பேசிக்கொண்டிருந்தார். முடிந்ததும் மாஜிதா என்ற பிள்ளை கையைத் தூக்கி, “உஸ்தாத், பலகைக்கு விளங்கிருச்சா, இல்லே இன்னொரு தரம் சொல்லணுமா?” என்று கேட்டாள். மனிதர் புத்தகத்தை விட்டுவிட்டே ஓடிவிட்டார்.

நான் வெண்டைக்காய் கொண்டுபோய் நறுக்கிக்கொண்டிருப்பேன். மூன்றாம் பாடத்தில் மின்சாரம் வந்தது. கம்பிக்குள் அது தண்ணீர்போல ஓடுகிறது என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. “தண்ணி மாதிரின்னா, கம்பியை வெட்டினா ஏன் கீழே சிந்தலை?” என்று கேட்டுவிட்டேன். பிள்ளைகள் பெஞ்சில் சாய்ந்து சிரித்தார்கள். ஆனால் உஸ்தாத் திரும்பினார், ராத்தா. வயதில் மூத்த பெண் கேட்டால் முகம் பார்த்துப் பதில் சொல்லலாம் அல்லவா? அன்றிலிருந்து எனக்குத்தான் பாடம் நடத்துகிறார். நடுவில் இருக்கிற ஒன்பது பேரும் அதைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு கணக்குக்கும், “ஹாஜ்ஜா, விளங்கிச்சா?” என்பார். நான் இன்னும் மக்காவைப் பார்க்காதவள். மரியாதைக்குச் சொல்கிறார். நான் விளங்கவில்லை என்றால் அடுத்த பக்கம் போகமாட்டார். உங்கள் மகள் திரும்பி, “சாச்சி, சீக்கிரம் விளங்கிக்கங்க, மணி அடிக்கப் போவுது” என்று பல்லைக் கடிக்கிறாள். பொய் சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் வீட்டில் முன்கூட்டியே படித்துக்கொண்டு போகிறேன். கலியாணத்துக்குப் பிறகு பாபிகிரின் செய்தித்தாளை வைத்து எழுத்துக்கூட்டியவள் நான். இப்போது பிஸ்மில்லாஹ் சொல்லி மின்கலத்தைப் படிக்கிறேன்.

போன புதனன்று மேசைமேல் ஒரு சின்ன பல்பு எரிந்தது. கம்பியை இணைத்தது நிஃமத். எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சந்தையில் யாரோ எங்களை ஆம்பளை வாத்தியார் பள்ளிக்கூடம் என்றார்களாம். ஆமாம், எங்கள் பள்ளிக்கூடம்தான் என்று சொல்லிவிட்டு வெங்காயம் வாங்கி வந்தேன்.

மச்சான் என்ன சொன்னார்? நீங்கள் எழுதவே இல்லையே.

சித்தனா


போர்ட் சூடான்
8 டிசம்பர் 1968

சித்தனாவுக்கு ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. உனக்கும் அப்படியே இருக்க துஆ.

நிஃமத்தைப் பெருநாளுக்கு அவள் வாப்பா பார்க்க விரும்புகிறார். அவருடைய தம்பி முறை அல்அமீன் வந்து அழைத்து வருவார். அவளுடைய துணிமணி எல்லாவற்றையும் பெட்டியில் வைத்து அனுப்பு. புத்தகங்கள் வேண்டியதில்லை.

முழங்கால் பரவாயில்லை.
பதூல்


அத்பரா
19 டிசம்பர் 1968

அன்பு ராத்தாவுக்கு ஸலாமும், முன்கூட்டியே பெருநாள் வாழ்த்தும்.

அல்அமீன் வந்தார், போய்விட்டார். தனியாகத்தான் போனார். அது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். நடந்ததை நானும் எழுதிவிடுகிறேன்.

முற்றத்தில் உட்காரும்போதே, “பெட்டியைக் கட்டச் சொல்லுங்க” என்றார்.

“பெருநாள் முடிஞ்சு எப்பத் திருப்பிக் கொண்டாந்து விடுவீங்க? பரீட்சைக்குப் பணம் கட்டி, பேர் கொடுத்தாச்சு” என்றேன்.

அவர் தன் செருப்பைப் பார்த்தார். “திரும்பறதைப் பத்தி அண்ணன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை.”

கதவுக்குப் பின்னாலிருந்து நிஃமத், “அப்ப, போறதைப் பத்தி நானும் ஒண்ணும் சொல்லலை, சாச்சா” என்றாள்.

“பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசறே.”

“பெரியவங்க செருப்போட பேசிக்கிட்டிருந்தீங்க. அதான் இடம் இருக்குன்னு நினைச்சேன்.”

அவளைக் கண்டித்தேன். பிறகு அடுக்களைக்குள் போய்ச் சிரித்தேன். மனிதருக்கு நோன்பு திறக்க பேரீச்சம்பழமும் ஹிலுமுர் சர்பத்தும் வைத்து, கிஸ்ரா ரொட்டியும் குழம்பும் வயிறு நிறையக் கொடுத்துத்தான் அனுப்பினோம். விருந்தாளிக்குக் குறை வைக்கவில்லை.

ராத்தா, ‘புத்தகங்கள் வேண்டியதில்லை’ என்ற வரி உங்கள் வரி இல்லை. எனக்குத் தெரிந்த பதூல், பிள்ளையை அடுப்படிக்குள்கூட புத்தகம் கொண்டுவரச் சொல்கிறவள். அங்கே என்ன நடந்தது? எதுவானாலும் எழுதுங்கள்.

சித்தனா


போர்ட் சூடான்
6 ஜனவரி 1969

சகோதரர் பாபிகிருக்கு, தாஜுஸ்ஸிர் ஸலாம் சொல்லி எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் நலத்துக்கு துஆ.

என் ஆள் வெறுங்கையோடு திரும்பினான். உங்கள் வீட்டுப் பெண் என் மகள் விஷயத்தில் எனக்கு மேலே முடிவெடுக்கிறாள். உங்கள்மேல் உள்ள மரியாதைக்காக ஒரு முறை விளக்கமாக எழுதுகிறேன்.

அந்நிய ஆண் பாடம் நடத்துகிறான் என்று பதூல் சொன்ன மறுவாரமே, என் வீட்டு விருந்தில், துறைமுகத்து வியாபாரிகள் ஐந்து பேர் முன்னால் முத்தலாக்கின் மேல் சத்தியம் செய்துவிட்டேன்: நிஃமத் அந்த வகுப்பிலிருந்து பரீட்சைக்கு உட்கார்ந்தால், அவள் உம்மா எனக்கு மனைவி இல்லை. சொன்ன சொல்லைத் திரும்ப எடுப்பவன் நானில்லை. எங்கள் ஷேக்கிடமும் கேட்டாயிற்று. மூன்று என்றால் மூன்றுதான் என்கிறார்.

இதற்குப் பிறகும் அவள் பரீட்சை எழுதினால், உங்கள் மனைவி தன் சொந்த ராத்தாவின் குடும்பத்தைக் கலைத்தாள் என்றுதான் ஊர் சொல்லும்.

தாஜுஸ்ஸிர்


அத்பரா
19 ஜனவரி 1969

என் உயிர் ராத்தாவுக்கு, சித்தனாவின் ஸலாம்.

மச்சானுடைய கடிதத்தை பாபிகிர் எனக்குப் படித்துக் காட்டவில்லை. கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். நவம்பரிலிருந்து இதையா சுமந்துகொண்டிருந்தீர்கள்? நான் வெண்டைக்காயும் பல்பும் எழுதிக்கொண்டிருந்தேனே.

நிஃமத்திடம் மறைக்க எனக்கு உரிமையில்லை என்று எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. பெட்டியை இழுத்து, துணிகளை மடித்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரமாட்டேன் என்றாள். நான் மட்டும் போனேன். போகாவிட்டால் மற்ற எட்டுப் பேருக்கும் பாடம் நின்றுவிடும். உஸ்தாத் காலி இடத்தைப் பார்த்தார். “ஹாஜ்ஜா, உங்க புள்ளை எங்கே?” என்றார். கரும்பலகையைக் காட்டி, பாடத்தைத் தொடங்கச் சொன்னேன். சாயங்காலம் எட்டுப் பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மாஜிதா பெட்டியைத் திறந்து, மடித்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, “காயட்டும். ஈரத்தோட பெட்டியில வைக்கக் கூடாது” என்றாள். ஒன்றும் ஈரமில்லை.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. பாபிகிரும் நானும் ஷரீஅத் நீதிமன்றத்துக் காழியிடம் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டார். தலாக் சொல்லும் எண்ணம் இல்லாமல், ஒருவரைத் தடுக்கவும் மிரட்டவும் செய்த சத்தியத்தால் நிக்காஹ் முறியாது. சத்தியத்தை மீறினால் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும், அவ்வளவுதான் என்றார். பாபிகிர் உடனே மச்சானுக்கு எழுதினார். நாலே வார்த்தையில் பதில் தந்தி வந்தது: காழி எனக்கு ஷேக் இல்லை.

ராத்தா, இது உங்கள் கூரை. அதன்மேல் ஏறி நின்று பிடிவாதம் பிடிக்க எனக்கு உரிமையில்லை. நீங்கள் வரச் சொன்னால் நானே நிஃமத்தை ரயிலில் கூட்டி வந்து விடுகிறேன். ஆனால் அது சரி என்று மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள். செத்தாலும் சொல்லமாட்டேன்.

உங்கள் வாயால் ஒரு வார்த்தை வேண்டும்.

சித்தனா


போர்ட் சூடான்
20 பிப்ரவரி 1969

சித்தனாவுக்கும் என் மகள் நிஃமத்துக்கும் ஸலாம். உங்கள் உடல்நலத்துக்கு துஆ. நான் சுகம். இந்த முறை உண்மையாகவே சுகம்.

பதில் எழுத நாளாயிற்று. எழுதிக் கிழித்தேன், திரும்ப எழுதினேன்.

நீ பாபிகிரோடு வாழ்கிறவள். அவர் ஒருநாளும் உன்னை வைத்துச் சத்தியம் செய்ததில்லை. உனக்கு இது தெரியாது. இங்கே விருந்தாளி வந்தால், “இன்னும் ஒரு துண்டு எடுக்கலேன்னா எம்பொண்டாட்டி தலாக்” என்பார். வந்தவர் சிரித்துக்கொண்டே எடுப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் அடுக்களையில் சட்டியைப் பிடித்தபடி நிற்பேன், அந்த மனிதர் வாயில் வைத்தாரா இல்லையா என்று காது கொடுத்துக்கொண்டு. யாரோ ஒருவருடைய பசியில் என் குடும்பம் தொங்கிக்கொண்டிருக்கும். குழம்பில் உப்புக்கு ஒரு சத்தியம், கதவு திறந்து கிடந்ததற்கு ஒரு சத்தியம். கலியாணமான நாளிலிருந்து நான் நடந்ததெல்லாம் அவருடைய சத்தியங்களை மிதிக்காமல் தாண்டித் தாண்டித்தான்.

அன்று ஐந்து பேர் முன்னால் சொன்னபோதும் சட்டி என் கையில்தான் இருந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஒருவர் இறைச்சி நன்றாக இருக்கிறது என்றார்.

அவள் பரீட்சை எழுதட்டும்.

காழி சொன்னது சரியென்றால் நான் மனைவி. ஷேக் சொன்னது சரியென்றால் நான் மனைவி இல்லை. எதுவானாலும் அதைச் செய்தது என் மகளின் பேனா இல்லை, அவருடைய வாய். இதை அவளிடம் அப்படியே படித்துக் காட்டு. உம்மாவுக்காக நிறுத்தினாள் என்ற பழியை என் தலையில் போட வேண்டாம் என்று சொல். நிறுத்தினால் அவளை நான் மன்னிக்கமாட்டேன்.

நான் இப்படி எழுதியது அவருக்குத் தெரியாது. தெரியும்போது தெரியட்டும்.

பதூல்


அத்பரா
14 மார்ச் 1969

அன்பு ராத்தாவுக்கு ஸலாம். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நிஃமத் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

சனிக்கிழமை பரீட்சை தொடங்கிற்று. முந்தின நாள் ரயிலில் மச்சான் வந்து இறங்கினார். பாபிகிர் ஸ்டேஷனுக்கே போய் அழைத்து வந்து, ஆடு அறுத்துச் சாப்பாடு போட்டார். எதுவும் கேட்கவில்லை, விருந்தாளியிடம் யார் கேட்பது? காலையில் மச்சான் எங்களுக்கு முன்பே கிளம்பிப் பள்ளி வாசலுக்குப் போய்விட்டார்.

அங்கே தாய்மார் ஏற்கெனவே பாய் விரித்து, கரி அடுப்பு மூட்டி, காபி வறுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலை அடைத்தாற்போலத்தான் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. ஆண்பிள்ளை எப்படி அத்தனை பெண்களைத் தாண்டிப் போவார்? மச்சான் நின்ற இடத்திலேயே குரலை உயர்த்தினார். உள்ளேயிருந்து ஹாஜ் கோஜலி வந்தார், அக்டோபரில் தையல் சொன்ன அதே மனிதர். “இது ஊரு காசு போட்டுக் கட்டின பள்ளிக்கூடம், ஐயா. பரீட்சை நேரத்துல வாசல்ல சத்தம் போட எனக்கே அனுமதி இல்லை. மெல்லப் பேசுங்க” என்றார்.

அப்போதுதான் நானும் நிஃமத்தும் போய்ச் சேர்ந்தோம். வெள்ளைத் தோப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் வாப்பா கையை முத்தமிட்டாள்.

“நான் என்ன சத்தியம் பண்ணியிருக்கேன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும், வாப்பா. உம்மாவுக்கும் தெரியும்.”

“அப்புறமுமா உள்ளே போறே?”

“எழுதுன்னு சொன்னதே உம்மாதான்.”

“பதூலா?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “பதூலா சொன்னா?” என்றார். பாதை விட்ட பெண்களிடையே நிஃமத் உள்ளே போய்விட்டாள். மச்சான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். மாஜிதாவின் உம்மா காபி கொடுத்தாள். கையில் வைத்துக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை. மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

பௌதிகம் செவ்வாய்க்கிழமை. வெளியே வந்து, “சாச்சி, நீங்க கேட்ட கேள்வியெல்லாம் கேட்டிருந்தாங்க” என்றாள். எனக்கு அது போதும்.

இப்போது நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அவர் வந்து சேர்ந்தாரா? இங்கே உங்களுக்கு ஒரு கட்டில் போட்டு வைத்திருக்கிறேன். அதைச் சொன்னதற்குக் கோபிக்க வேண்டாம்.

சித்தனா


போர்ட் சூடான்
2 ஏப்ரல் 1969

அன்புத் தங்கை சித்தனாவுக்கு, ராத்தா பதூலின் ஸலாம். நிஃமத்துக்கும் பாபிகிருக்கும், பாய் விரித்த ஒவ்வொரு பெண்ணுக்கும், உஸ்தாத் ஜுபாராவுக்கும் என் துஆ.

கட்டிலைச் சும்மா போட்டு வை. நான் என் வீட்டில்தான் இருக்கிறேன்.

அவர் ரயிலைவிட்டு இறங்கி நேராக வீட்டுக்கு வரவில்லை. பள்ளிவாசலில் பத்து ஏழைகளைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டுவிட்டு வந்தாராம். கதவைத் தட்டினார்.

“யாரு?” என்றேன்.

“நான்தான். தொற. பத்துப் பேருக்குச் சோறு போட்டாச்சு. காழி சொன்னபடி எல்லாம் முடிஞ்சுபோச்சு.”

“காழி உங்களுக்கு ஷேக் இல்லையே.”

அவர் மறுபடி தட்டினார்.

“உங்க ஷேக் மூணுன்னா மூணுதான்னார். நீங்களும் அதைத்தானே சொன்னீங்க? அல்லாஹ்வுக்குப் பயந்தவ நான். எம்மக பரீட்சை எழுதிட்டா. அன்னையிலேருந்து தலாக்கான பொம்பளை தனிச்சிருக்கிற மாதிரி இத்தா இருக்கேன். அந்நிய ஆம்பளைக்குக் கதவு திறக்க முடியாது, தாஜுஸ்ஸிர்.”

நிக்காஹ் முடிந்து இத்தனை வருஷத்தில் அவர் பெயரை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபோது ஒன்றும் ஆகவில்லை.

இத்தா முடியும்வரை பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பக் கூடாது என்பதும் மார்க்கம்தானே. அதனால் அவர்தான் கடையில் படுத்துக்கொள்கிறார். சாப்பாடு வாசலில் வைக்கிறேன். பட்டினி போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தினமும் வந்து வெளியே உட்கார்ந்து பேசிப் பார்க்கிறார். முதலில் அதட்டினார். பிறகு ஷேக்கையே கூட்டி வந்தார். ஷேக் தொண்டையைச் செருமிக்கொண்டு, காழியின் கருத்துக்கும் இடம் உண்டு என்றார். “அதை நவம்பர்ல சொல்லியிருக்கலாமே, ஷேக்” என்றேன். அவருக்கு அவசர வேலை வந்துவிட்டது.

நான் கேட்டிருப்பது ஒன்றுதான். அந்த ஐந்து வியாபாரிகளையும் திரும்ப அழைக்க வேண்டும். அதே கூடத்தில், அவர்கள் முன்னால், இனி எந்தச் சோற்றுக்கும் எந்தக் கதவுக்கும் பதூலை வைத்துச் சத்தியம் செய்யமாட்டேன் என்று அவர் சொல்ல வேண்டும். அன்று சமைக்கிறவள் நானாக இருக்கக் கூடாது. நானும் கூடத்தில் இருப்பேன். யோசிக்கிறேன் என்கிறார். யோசிக்கட்டும்.

நீ எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். அந்தக் காழியிடம் மறுபடி போய், அவர் சொன்ன தீர்ப்பை எழுத்தில், முத்திரையோடு வாங்கி அனுப்பு. ஐந்து பேரும் வந்து உட்கார்ந்த பிறகு நானே அதைப் படித்து, நிக்காஹ் முறியவில்லை என்று சொல்ல நினைத்திருக்கிறேன். படிப்பேனா, இல்லை பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு உன் ஊர் ரயிலுக்குச் சீட்டு எடுப்பேனா என்று எனக்கே இன்னும் தெரியாது. அவர் என்ன சொல்கிறார், எப்படிச் சொல்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்வேன். இந்த முறை முடிவு செய்கிறவள் நான்.

நிஃமத்தின் பரீட்சை முடிவு வந்ததும் தெரிவி. காழியின் காகிதம் கிடைத்ததா இல்லையா என்று மட்டும் உடனே எழுது. தாமதிக்காமல் பதில் போடு.

பதூல்